அப்பாவின் அளவு நாடாவும் ஒரு பெட்டி ஷீட் ஃபிலிமும்

அப்பா தையல்காரர். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவரை நான் பார்த்த நாட்கள் குறைவு. தொழிலை விட்டுச் சில வருடங்கள் ஆன பிறகும், காலையில் எழுந்ததும் அதை எடுத்துப் போட்டுக்கொள்வார். 4×5 அங்குலத் தனித்தனி ஃபிலிம் தாள்களில் (ஷீட் ஃபிலிம்) படம் எடுக்கும் 4×5 கேமரா கைக்கு வந்ததும் நான் எடுக்க நினைத்த முதல் படம் அவருடையதுதான். ஜன்னலோரம் தையல் மிஷின், பக்கத்து ஸ்டூலில் அப்பா, மடியில் இரண்டு கைகளும், கழுத்திலிருந்து தொங்கும் நாடா. அதிலிருக்கும் எண்கள் பிரிண்ட்டில் படிக்கிற மாதிரி வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அந்த எண்கள் வர ஒன்றரை வருடம் ஆயிற்று. ஃபிலிம் எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிக் கழுவுவது என்று நான் கற்றதெல்லாம் அந்த நாடாவைத் துரத்திக்கொண்டு போனதில் கற்றதுதான்.

முதலில் வாங்கியது இல்ஃபோர்டு நிறுவனத்தின் கறுப்பு வெள்ளை ஃபிலிமான எஃப்பி4 பிளஸ். வேகம், அதாவது வெளிச்சத்தை உணரும் திறன், 125. பெரிய கேமரா வாங்குவதே நுணுக்கத்துக்காக, நுணுக்கம் வேண்டுமென்றால் மெதுவான ஃபிலிம் என்பதுதான் அன்றைக்கு என் கணக்கு. ஜன்னல் வெளிச்சத்தில் லைட் மீட்டர் எஃப் 16-க்கு (லென்ஸ் திறப்பின் அளவு, எண் கூடினால் திறப்பு சிறிது) 2 விநாடி காட்டியது. 210 மி.மீ. லென்ஸ், அப்பாவை நெருங்கிப் போனதில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவிலுள்ள துருத்தி, பெல்லோஸ், 260 மி.மீ. வரை நீண்டிருந்தது. 260-ஐ 210-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால் ஏறக்குறைய ஒன்றரை, அத்தனை மடங்கு நேரம் வேண்டும். ஆக 2 விநாடி 3 ஆனது. ஒரு விநாடிக்கு மேல் போனால் ஃபிலிம் சோர்ந்துவிடும். வெளிச்சம் பட்ட அளவுக்குப் பதிவாகாது, கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். இதைத்தான் ரெசிப்ராசிட்டி ஃபெயிலியர், சுருக்கமாக ரெசிப்ராசிட்டி என்கிறார்கள். இல்ஃபோர்டு இதற்கு ஒரு சூத்திரமே கொடுத்திருக்கிறது. அளந்த நேரத்தை எஃப்பி4-க்கு 1.26 என்ற அடுக்குக்கு உயர்த்த வேண்டும். 3 விநாடி 4 ஆகிவிட்டது.

நான்கு விநாடி அப்பா அசையாமல்தான் இருந்தார். ஆனால் மூச்சு விட்டார். முகம் தப்பித்தது, நெஞ்சின் மேல் கிடந்த நாடா தப்பிக்கவில்லை. எண்கள் இருந்த இடத்தில் மங்கலான சாம்பல் கோடு ஒன்றுதான் இருந்தது.

அந்த நெகட்டிவை லைட் பாக்ஸில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு சட்டம் 24×36 மி.மீ. 4×5 தாளில் படம் விழும் பரப்பு அதைப்போலச் சுமார் 13 மடங்கு. 16×20 அங்குல பிரிண்ட் போட 4×5 நெகட்டிவை நான்கு மடங்கு பெரிதாக்கினால் போதும். 35 மி.மீ. என்றால் 16 மடங்குக்கு மேல் போக வேண்டும். நான்கு மடங்கில் 400 வேக ஃபிலிமின் கிரெய்ன், அந்தப் புள்ளி புள்ளியான சொரசொரப்பு, எங்கே தெரியப் போகிறது? சிறிய கேமராவில் வேகமான ஃபிலிமுக்கு நாம் கொடுக்கும் விலை கிரெய்ன். தாள் பெரிதாகும்போது அந்த விலை கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது.

வேகத்தின் தேவையோ இங்கே கூடுகிறது. 4×5-க்கு 150 மி.மீ. லென்ஸ்தான் சாதாரண லென்ஸ். அவ்வளவு நீள லென்ஸில் முன்னும் பின்னும் கூர்மை வேண்டுமென்றால் எஃப் 22, எஃப் 32 என்று மூடித்தான் ஆகவேண்டும். நல்ல வெயிலிலேயே 125 வேக ஃபிலிம் எஃப் 32-ல் விநாடியில் முப்பதில் ஒரு பங்கு கேட்கும். வானத்துக்காக ஆரஞ்சு ஃபில்டர் மாட்டினால் இன்னும் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) போய், எட்டில் ஒரு பங்குக்கு வந்து நிற்கும். மரத்தில் ஓர் இலைகூட அந்த நேரத்துக்குச் சும்மா இருக்காது. ஆகவே புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்டால் முதல் பெட்டி 400 வேகமாக இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். எச்பி5 பிளஸ், இல்லையென்றால் டி-மேக்ஸ் 400. நான் எச்பி5-க்கு வந்தேன், அங்கேயே இருக்கிறேன்.

மற்றதெல்லாம் மட்டம் என்று அர்த்தமில்லை. எஃப்பி4 எனக்கு இன்றும் பிடிக்கும். மேகமூட்டத்தில் சப்பென்று இருக்கும் காட்சியைக் கூடுதலாகக் கழுவி நிமிர்த்த வேண்டுமென்றால் அது எச்பி5-ஐவிட நன்றாகவே ஒத்துழைக்கும். டி-மேக்ஸ் 100 நீண்ட எக்ஸ்போஷருக்கு, அதாவது ஃபிலிமில் வெகுநேரம் வெளிச்சம் விழவிடுவதற்கு, கெட்டிக்காரன். மீட்டர் 100 விநாடி சொன்னால் ஒரு ஸ்டாப் கூட்டி 200 கொடுத்தால் போதும். அதே 100 விநாடிக்கு ஃபோமாபான் 100-ன் தகவல் தாள் 16 மடங்கு கேட்கிறது, அதாவது 1600 விநாடி, ஏறக்குறைய 27 நிமிடம். பகல் வெளிச்சத்தில் எடுக்கும் படங்களுக்கு ஃபோமாபான் அருமையான ஃபிலிம், பழைய படங்களின் சாயல் அதில் தானாக வரும். இருட்டுக் கூடத்துக்குள் மட்டும் அதை எடுத்துப் போவதில்லை. டி-மேக்ஸ் வகைக்கு இன்னொரு குணம் உண்டு. கழுவும் நேரமோ வெப்பமோ கொஞ்சம் பிசகினாலும் நெகட்டிவில் தெரியும். கையில் ஒழுங்கு வந்தவர்களுக்கு அது வரம். எனக்கு அப்போது அந்த ஒழுங்கு வரவில்லை.

ட்ரை-எக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ரோலில் வரும் ட்ரை-எக்ஸ் 400-ம் தாளில் வரும் ட்ரை-எக்ஸ் 320-ம் ஒன்றல்ல. 320-ல் நிழல் மெல்ல எழுந்து, வெளிச்சப் பக்கம் போகப்போகச் செங்குத்தாக ஏறும். ஸ்டுடியோ விளக்கில் முகத்தின் மினுமினுப்புக்கு அது அழகு. ரோலில் பழகிய நேரத்தை அப்படியே இதற்குப் போட்டுவிடக் கூடாது.

இருட்டைக் கண்டு தயங்குகிறவர்களுக்கு இல்ஃபோர்டு ஆர்த்தோ பிளஸ் நல்ல தொடக்கம். பகல் வெளிச்சத்தில் வேகம் 80. சிவப்பு அதற்குத் தெரியாது, அதனால் ஆழ்ந்த சிவப்பு விளக்கின் கீழ் டெவலப்பர் (படத்தை எழவைக்கும் ரசாயனக் கரைசல்) ட்ரேயில் படம் எழுந்து வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முகங்களுக்கு மட்டும் யோசித்து எடுங்கள். உதடும் தோலின் சிவப்பும் கறுத்துப் போகும்.

சரி, பெட்டியில் 400 என்று எழுதியிருந்தால் 400 என்றே வைத்துக்கொள்ள வேண்டுமா? நான் 250-ல் வைக்கிறேன். என் மீட்டர், என் ஷட்டர், என் டெவலப்பர் மூன்றும் சேர்ந்து கொடுத்த எண் அது, உங்களுக்கு வேறாக இருக்கலாம். கண்டுபிடிக்க நான் செய்தது இதுதான். கறுப்புத் துண்டு ஒன்றைக் கொடியில் போட்டு, அதை மீட்டரில் அளந்து, அளந்ததைவிட இரண்டு ஸ்டாப் குறைத்து எடுத்தேன். ஒரே தாளில், ஃபிலிமை மூடும் தகடான டார்க் ஸ்லைடைப் படிப்படியாக உள்ளே தள்ளிக்கொண்டே போனால் ஒவ்வொரு பட்டைக்கும் ஒவ்வொரு வெளிச்சம் கிடைக்கும். 400, 320, 250, 200 என்று நான்கு பட்டைகள். கழுவிப் பார்த்தபோது 400-ல் துண்டின் இழைகள் வெறும் பிளாஸ்டிக்காகக் கிடந்தன. 250-ல் துண்டு நூல் நூலாகத் தெரிந்தது. நெகட்டிவில் நிழல் விழாமல் போனால் பிற்பாடு எந்த டெவலப்பரும் அதைக் கொண்டுவராது, அதனால் அந்தப் பக்கம் நான் சிக்கனம் பார்ப்பதில்லை.

ஃபிலிமைக் கேமராவில் மாட்ட உதவும் சட்டம் ஹோல்டர். அதில் ஃபிலிம் போடுவது கண்ணுக்கு வேலையில்லாத காரியம். சாதாரண கறுப்பு வெள்ளை ஃபிலிம் எல்லா நிறத்தையும் பார்க்கும், முழு இருட்டு வேண்டும். தாளின் ஓரத்தில் நாட்ச் என்று சின்னச் சின்ன வெட்டுக்கள் இருக்கும். தாளை நிமிர்ந்த வாக்கில் பிடித்து, நாட்ச் வலப்பக்க மேல் மூலையில் விரலுக்குத் தட்டுப்பட்டால் எமல்ஷன், அதாவது படம் பதியும் பூச்சு, என் முகத்தைப் பார்க்கிறது என்று பொருள். வெட்டின் வடிவம் ஃபிலிமுக்கு ஃபிலிம் மாறும், ஆக எந்த ஃபிலிம் என்பதையும் விரலே சொல்லிவிடும். ஷீட் ஃபிலிம் தடிமனானது. இல்ஃபோர்டின் தாள் 0.18 மி.மீ., 120 ரோல் 0.11 மி.மீ. தான். விரலுக்கு நடுவில் விறைப்பாக நிற்கும், அதனால் ஹோல்டரின் இரு பக்கத் தண்டவாளங்களுக்கும் அடியில் நழுவி ஓடுவது நன்றாகவே உணரமுடியும். ஒரு பக்கம் மேலேறிக்கொண்டால் டார்க் ஸ்லைடு மூடும்போது முரண்டு பிடிக்கும். அப்போது அழுத்தாமல் வெளியே எடுத்து மறுபடி போடுவதுதான் வழி.

ஒருமுறை அவசரத்தில் தாளைப் புரட்டிப் போட்டுவிட்டேன். வெளிச்சம் பின்பக்கப் பூச்சைக் கடந்து எமல்ஷனுக்குப் போக வேண்டியிருந்ததால் படம் வெளிறி, இடம் வலம் மாறி வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளுக்கும் நாட்சை இரண்டு தரம் தடவிப் பார்க்கிறேன். டார்க் ஸ்லைடின் வெள்ளைப் பக்கம் வெளியே தெரிந்தால் எடுக்காத ஃபிலிம், கறுப்புப் பக்கம் தெரிந்தால் எடுத்தது. இந்த வழக்கத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டால் பல தலைவலிகள் வராது.

இனி கழுவும் கதை. எச்பி5-ல் அப்பாவை இரண்டாம் முறை எடுத்தபோது எஃப் 8-க்குத் திறந்து, கால் விநாடியில் எடுக்க முடிந்தது. கேமராவின் முன் தட்டைக் கொஞ்சம் முன்னால் சாய்த்ததில் கண்ணும் மடியிலிருந்த கையும் ஒரே கூர்மைத் தளத்தில் வந்துவிட்டன. நாடா அசையவில்லை. ஆனால் கழுவலில் கெடுத்தேன். செறிவான டெவலப்பர் ஒன்றில் ட்ரேயில் 5 நிமிடம். ஆறு தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே விடவே அரை நிமிடம் ஆகிறது. 5 நிமிடத்தில் அரை நிமிடம் என்பது பத்தில் ஒரு பங்கு. போட்ட வரிசையிலேயே எடுத்தால் அதைச் சரிக்கட்டலாம் என்றாலும், முதல் சில விநாடிகளில் டெவலப்பர் தாள் முழுவதும் ஒரே சீராகப் பரவாவிட்டால் அந்தத் திட்டை மீதி நேரம் மறைக்க வேண்டும், 5 நிமிடம் அதற்குப் போதாது. அப்பாவுக்குப் பின்னாலிருந்த சுவரில் திட்டுத் திட்டாக மேகம் வந்தது. வெப்பமும் நான் நினைத்ததைவிடக் கூடியிருந்ததால் நெகட்டிவில் கறுப்பாக விழும் நாடாவின் வெள்ளை, நுணுக்கம் ஏதும் இல்லாமல் முழுக்கக் கறுத்து அடைந்துவிட்டது. போதாக்குறைக்கு நெற்றியில் ஒரு நகக்கீறல்.

அன்றிலிருந்து என் டெவலப்பர் ஐடி-11, சமபங்கு தண்ணீர் சேர்த்து. டி-76-ம் நடைமுறையில் இதேதான். எச்பி5-க்கு 20 டிகிரியில் 13 நிமிடம் என்பது தயாரிப்பாளரின் நேரம், எஃப்பி4-க்கு 11 நிமிடம். ட்ரேயில் கழுவுகிறவர்களுக்கு நீண்ட நேரம் ஒரு பாதுகாப்பு. வெப்பம் ஏறினால் நேரத்தைக் குறைக்க வேண்டும். 20 டிகிரியில் 4 நிமிடம் என்றால் 23-ல் 3 நிமிடம் என்பது இல்ஃபோர்டு சொல்லும் விகிதம், அதாவது மூன்று டிகிரிக்குக் கால் பங்கு நேரம் குறைகிறது. ஒரு டிகிரி தானே என்று விட்டால் வெள்ளைச் சட்டை, மேகம், நாடா எல்லாம் அடைந்துபோகும். ட்ரேயை அதைவிடப் பெரிய ஒரு தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துவிட்டால் டெவலப்பரின் சூடு அத்தனை சீக்கிரம் மாறாது.

1891 முதல் இருக்கும் ரோடினாலை 50-க்கு ஒன்று என்று கலந்து சில மாதம் பயன்படுத்தினேன். ஓரங்கள் செதுக்கிய மாதிரி நிற்கும், கிரெய்ன் கூடினாலும் 4×5-ல் அது தொந்தரவில்லை. பைரோ வகை டெவலப்பர்களும் அருமை. காட்சியின் வெளிச்சமான இடங்களில் ஒரு நிறக்கறையை ஏற்றி, பிரிண்ட்டில் அவற்றை மென்மையாக்கும். சாண்டி கிங் உருவாக்கிய பைரோகேட்-எச்டி, கார்டன் ஹட்சிங்ஸ் உருவாக்கிய பிஎம்கே இரண்டுக்கும் ஷீட் ஃபிலிம்காரர்கள் நிறைய உண்டு. அவை விஷம், கையுறை இல்லாமல் தொடவே கூடாது. ஐடி-11-ல் இருக்கும் மெட்டால்கூடச் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொண்டுவரும். நான் எதற்கும் நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்கிறேன். அதனால் நகக்கீறலும் நின்றது.

ட்ரேயில் கழுவுவதை விரிவாகவே சொல்கிறேன், காரணம் இது கை பழக வேண்டிய வேலை. 4×5 தாளுக்கு 8×10 ட்ரே. சிறிய ட்ரேயில் விரல் நுழைய இடமில்லாமல் தாள்கள் ஒன்றை ஒன்று குத்தும். முதலில் வெறும் தண்ணீர் ட்ரே. இருட்டில் தாள்களை ஒவ்வொன்றாக, எமல்ஷன் கீழே பார்க்க, தண்ணீரில் வைத்து உள்ளங்கையால் மெதுவாக அமிழ்த்துகிறேன். ஒன்று முழுக்க நனைந்த பிறகே அடுத்தது. காய்ந்த தாள் பாதி நனைந்த தாள்மேல் விழுந்தால் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது எமல்ஷன் போய்விடும். ஆறு தாளும் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறட்டும். ஊறிய எமல்ஷன் வழவழவென்று வெந்த மீனின் தோல் மாதிரி இருக்கும், பின்பக்கம் வெறும் பிளாஸ்டிக்காக விரலைப் பிடிக்கும். தொட்டாலே தெரிந்துவிடும்.

முதல் தாளை மட்டும் தலைகீழாகத் திருப்பி வைக்கிறேன். மற்ற ஐந்துக்கும் நாட்ச் ஒரு மூலையில், இதற்கு மட்டும் எதிர் மூலையில். டெவலப்பருக்குள் போன பிறகு அடியிலிருக்கும் தாளை ஓரமாக உருவி, மேலே கொண்டுவந்து, தட்டையாக வைத்து லேசாக அமிழ்த்த வேண்டும். ஐந்து விநாடிக்கு ஒரு தாள், ஆறு தாளுக்கு அரை நிமிடம், ஒரு சுற்று. திரும்பிய நாட்ச் விரலுக்கு வந்தால் ஒரு சுற்று முடிந்தது. கடிகாரம் பார்க்க முடியாத இருட்டில் 13 நிமிடம் என்பது 26 சுற்று. நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்கும் கடிகாரம் ஒன்று வெளியே இருந்தாலும் நான் சுற்றை எண்ணுவதை விடவில்லை.

எமல்ஷன் மேலே பார்க்க வேண்டுமா கீழே பார்க்க வேண்டுமா என்பதில் ஆளுக்கொரு பழக்கம். மேலே பார்த்தால் அடுத்து வரும் தாளின் மூலை அதைக் குத்தும். கீழே பார்த்தால் அந்த மூலை முதுகில்தான் படும். அதனால் எனக்குக் கீழே. ஒரே நிபந்தனை, ட்ரேயின் அடி வழவழப்பாக இருக்க வேண்டும்.

இருட்டில் கை நனைய நிற்க விரும்பாதவர்களுக்கு டேங்க் இருக்கிறது. பேட்டர்சன் டேங்குக்குள் வைக்கும் மாட்54-ல் ஒரு லிட்டர் டெவலப்பரில் ஆறு தாள் கழுவலாம். ஜோபோவின் எக்ஸ்பர்ட் டிரம் பத்துத் தாள் கொள்ளும், உருட்டிக்கொண்டே இருப்பதால் நேரத்தில் 15 சதவீதம் வரை குறைக்க வேண்டிவரும். சீராக வரும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு டேங்க் முழுவதற்கும் ஒரே நேரம்தான், என்னை இந்தக் கேமராவோடு கட்டிப்போட்டிருக்கும் விஷயம் அதற்கு நேர் எதிரானது.

ரோல் ஃபிலிமில் 36 படமும் ஒரே நேரம் கழுவப்படும், வெயிலில் எடுத்ததும் மழையில் எடுத்ததும். ஷீட் ஃபிலிமில் ஒவ்வொரு தாளுக்கும் தனி நேரம் கொடுக்கலாம். புகைப்படக் கலைஞர்கள் ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த ஸோன் முறை, அதாவது கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒரு ஸ்டாப்புக்கு ஒரு படியாக, ஐந்தாவது நடுச் சாம்பலாக எண்ணும் முறை, இந்த வசதியின் மேல்தான் நிற்கிறது. நிழலுக்கு எக்ஸ்போஷர், வெளிச்சத்துக்குக் கழுவல். இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன், ஆனால் புரிந்தது ஒரு மாடிப்படியில்.

பழைய வீடு ஒன்றின் மரப்படி. மேலே ஒரு ஜன்னல், அதன் பக்கத்தில் சுண்ணாம்புச் சுவர், கீழே படிகளின் அடியில் கும்மிருட்டு. படியின் அடிப்பக்க மரத்தை, சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் அளந்தேன். எஃப் 32-க்கு 40 விநாடி. மீட்டர் எதைக் காட்டினாலும் அதை நடுச் சாம்பலாக்கும் நேரத்தைத்தான் சொல்லும். எனக்கு அந்த மரம் கறுப்பாக, ஆனால் ரேகை தெரிகிற கறுப்பாக வேண்டும். அது மூன்றாம் ஸோன், நடுவிலிருந்து இரண்டு ஸ்டாப் கீழே. 40 விநாடி 10 ஆனது. சுவரை அளந்தால் மரத்தைவிட ஆறு ஸ்டாப் அதிகம், ஒன்பதாம் ஸோனில் போய் உட்கார்ந்தது. பூச்சின் சொரசொரப்பு தெரிய வேண்டுமென்றால் எட்டில் நிற்க வேண்டும். ஆக ஒரு ஸோன் குறைத்துக் கழுவ வேண்டிய காட்சி. எச்பி5-க்கு ரெசிப்ராசிட்டி அடுக்கு 1.31, அதனால் 10 விநாடி 20 ஆனது. ஒரே மாதிரி இரண்டு தாள் எடுத்துவைத்தேன்.

முதல் தாளை 13-க்குப் பதில் 10 நிமிடம் கழுவினேன். நிழல் அருமை. சுவர் இன்னும் கனமாகவே இருந்தது. நீண்ட எக்ஸ்போஷரில் நிழல்தான் சோர்கிறது, வெளிச்சம் அவ்வளவாகச் சோர்வதில்லை. நிழலுக்காக நேரத்தை இரட்டித்தால் சுவருக்குத் தேவைக்கு மேல் போய்விடுகிறது. இதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டாம் தாள் அப்போதும் ஹோல்டரில் பத்திரமாக இருந்தது. மறுநாள் அதை 8 நிமிடம் 30 விநாடி கழுவினேன்.

இரண்டையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக லைட் பாக்ஸில் வைத்தேன். படியின் அடியில் மரத்தின் ரேகைகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. சுவர்தான் வேறு. முதலாவதில் அடைத்துக்கொண்ட கறுப்பு. இரண்டாவதில் சுண்ணாம்பு அடித்த மட்டையின் இழுப்புகள், ஓர் ஆணி, ஆணியின் கீழே துரு வழிந்த கோடு. நிழலில் எழவேண்டியது முதல் சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் எழுந்துவிடுகிறது. வெளிச்சப் பகுதியோ டெவலப்பரில் இருக்கும் வரை ஏறிக்கொண்டே போகிறது. எத்தனையோ தடவை படித்த விஷயம்தான், அன்றைக்கு அந்த ஆணியைப் பார்த்தபோது உடம்பே சிலிர்த்தது. அன்று முதல் முக்கியமான படம் எதையும் ஒற்றைத் தாளில் எடுப்பதில்லை. ஹோல்டரில் இரண்டு பக்கம் இருக்கிறதே. ஒன்றைக் கழுவிப் பார்த்துவிட்டு அடுத்ததற்கு நேரம் முடிவு செய்கிறேன்.

டெவலப்பருக்குப் பிறகு வருவதில் சொல்ல அதிகமில்லை. டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத்தில் அரை நிமிடம், அப்புறம் படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர். ஃபிக்ஸரின் வலுவைத் தெரிந்துகொள்ள வீணான ஃபிலிம் துண்டு ஒன்றை அதில் போட்டு, பால்போல் இருப்பது தெளிவாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, அதைப்போல இரண்டு மடங்கு கொடுக்கிறேன். டி-மேக்ஸ் தாள்களில் இளஞ்சிவப்புச் சாயம் மிச்சமிருந்தால் இன்னும் கொஞ்சம் ஃபிக்ஸரும் நல்ல அலசலும் வேண்டும் என்று அர்த்தம். அலசும்போதும் அவசரம் வேண்டாம், எமல்ஷன் காயும் வரை மென்மையாகவே இருக்கும். கடைசியாக வாலை வடிநீரில், துளி தங்காமல் தண்ணீரை வழியவைக்கும் வெட்டிங் ஏஜென்ட் இரண்டு மூன்று சொட்டு விட்டு, அதில் ஒரு நிமிடம். ஒரு மூலையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் தண்ணீர் எதிர் மூலைக்கு ஓடிச் சொட்டும். நான் நாட்ச் இருக்கும் மூலையில் கிளிப் போடுவேன். காயும் வரை அந்த அறைக்குள் யாரும் போவதில்லை, தூசி ஒட்டினால் பிறகு எளிதில் போகாது.

அப்பாவை மூன்றாம் முறை உட்காரவைத்தேன். அதே ஜன்னல், அதே ஸ்டூல். இம்முறை முகத்தை விட்டுவிட்டு, மிஷினின் கறுப்பு உடம்பை அளந்து மூன்றாம் ஸோனில் வைத்தேன். நாடாவின் வெள்ளை ஐந்து ஸ்டாப் மேலே எட்டில் வந்து விழுந்தது. கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம், அப்படியே 13 நிமிடம். மிஷினின் கறுப்புக்கு எஃப் 8-ல் அரை விநாடி தேவைப்பட்டது. அப்பா மூச்சை விட்டு முடித்து, அடுத்த மூச்சு எடுப்பதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி வரும். அதைக் கவனித்து ஷட்டர் வயரை அழுத்தினேன். இரண்டு தாள்.

ஒன்றைத்தான் முதலில் கழுவினேன். தனித் தாள், 26 சுற்று எண்ண வேண்டியதில்லை, ட்ரேயின் ஒரு ஓரத்தைத் தூக்கித் தூக்கி இறக்கினால் போதும். சுவர் சீராக வந்தது. காய்ந்ததும் அப்பாவைக் கூப்பிட்டு, லைட் பாக்ஸில் வைத்து, லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்தேன். முகம் எல்லாம் தலைகீழ் நிறத்தில் இருக்குமே, என்ன பார்ப்பாரோ என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. லூப்பை நாடாவின் மேல் வைத்து, ஒவ்வொரு அங்குலமாக நகர்த்திக்கொண்டே போனார். கறுத்த நாடாவில் வெள்ளை எண்களாக 14, 15, 16.

“பதினேழு தேய்ஞ்சு போச்சேப்பா” என்றார். கழுத்திலிருந்த நாடாவை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஆமாம், பதினேழில் ஒன்று மட்டும்தான் மிச்சம் இருந்தது. இரண்டாம் தாள் இன்னும் ஹோல்டரில்தான் இருக்கிறது.